பரணில் உறங்கும் புகையிரதங்கள்

இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள ஒரு சிறு பட்டினத்தில் சில ஆண்டுகளுக்கு முன்னர் ஆறு மாத காலம் தங்கியிருக்க நேர்ந்தது. எனக்கு அறை வாடகைக்குத் தந்தவர் இளைப்பாறிய கணக்காளர் ஒருவர். சிக்கனத்துக்கு இலக்கணம் என்று அவரைச் சொல்லலாம். ஒரு தேயிலைப் பையில் இரண்டு கோப்பைத் தேநீர் தயாரிப்பார். விளக்கு ஒன்று வீணாக எரிந்தால், உறக்கத்திலிருந்தும் எழுந்து வந்து அணைப்பார். பாணுக்கும் பாலுக்கும் கடைக்காரன் கொடுத்த பற்றுச்சீட்டுகளைக்கூட ஒரு கொப்பியில் ஒட்டி வைத்திருந்தார். இப்படிப்பட்ட மனிதர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, "வாருங்கள், என்னுடைய புகையிரதத்தைக் காட்டுகிறேன்" என்று சொல்லி, பரணுக்குச் செல்லும் ஏணியில் ஏறினார். நானும் பின்னால் ஏறினேன்.

எட்டு அடி நீளமும் நான்கு அடி அகலமும் கொண்ட ஒரு பலகை. அதன்மேல் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வட்டத் தண்டவாளங்கள். நிலையம் இல்லை, மலை இல்லை, மரம் இல்லை. பலகைக்கு வர்ணம்கூடப் பூசப்படவில்லை. ஆனால் சுவரோரத்தைப் பார்த்தபோதுதான் திகைத்துப் போனேன். கூரையின் சரிவைத் தொடும்வரை அட்டைப் பெட்டிகள்! எண்ணத் தொடங்கி, நூறைத் தாண்டியதும் நிறுத்திவிட்டேன். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஓர் எஞ்சினோ வண்டியோ இருந்தது. பாதிக்கு மேற்பட்டவை ஒருமுறையேனும் திறக்கப்படாதவை.

"இவற்றையெல்லாம் எப்பொழுது ஓட்டப் போகிறீர்கள்?" என்று கேட்டேன்.

"ஓட்டுவது இருக்கட்டும். முதலில் வாங்கிவிட வேண்டும். பிறகு கிடைக்காது" என்றார் அவர்.

"பிறகு கிடைக்காது" என்ற அந்த இரண்டு சொற்களும் பல நாட்கள் என் காதில் ஒலித்துக்கொண்டிருந்தன. கணக்கில் கரைகண்ட ஒருவர், ஒரு பெட்டியைக் கண்ட மாத்திரத்தில் தம் கணக்கையெல்லாம் மறந்துவிடுவது எங்ஙனம்? இதை அறிய வேண்டுமானால், இந்தப் பொழுதுபோக்கு வளர்ந்த விதத்தைச் சற்றே அறிந்துகொள்ள வேண்டும்.

ஜேர்மனியில் கோப்பிங்கன் என்னும் ஊரில் 1859 ஆம் ஆண்டில் மார்க்ளின் என்பவர் ஒரு தகர வேலைத்தலத்தைத் தொடங்கினார். பொம்மை வீடுகளுக்கு வேண்டிய சிறு அடுப்பு, சிறு பாத்திரம் முதலியன அங்கே செய்யப்பட்டன. அவர் 1866 இல் இறந்தபின், மனைவி கரோலினே தொழிலைத் தாமே ஏற்று நடத்தினார். பொம்மை வீட்டில் ஓர் இரகசியம் உண்டு. வீட்டை ஒருமுறை வாங்கிக் கொடுத்துவிட்டால், அதற்குக் கட்டில், மேசை, சட்டி, பானை என்று ஒவ்வொரு நத்தாருக்கும் ஒவ்வொன்று வாங்கிக்கொண்டே இருக்கலாம். மார்க்ளினின் புதல்வர்கள் இந்த இரகசியத்தைப் புகையிரதத்துக்குப் பொருத்தினர். 1891 இல் லைப்சிக் சந்தையில், சாவி முறுக்கினால் ஓடும் புகையிரதத்தையும், ஒழுங்கான அளவில் அமைந்த தண்டவாளத்தையும் காட்சிக்கு வைத்தார்கள். தண்டவாளத்தின் அளவு மாறாததால், இந்த ஆண்டு வாங்கிய வண்டி சென்ற ஆண்டு வாங்கிய பாதையில் ஓடும். அடுத்த ஆண்டு வாங்கப் போவதும் ஓடும். முடிவே இல்லாத ஒரு பொருளை விற்கும் வழி அன்று கண்டுபிடிக்கப்பட்டது.

இங்கிலாந்தில் இந்த வேலையைச் செய்தவர் லிவர்பூலைச் சேர்ந்த பிராங்க் ஹோர்ன்பி. இறைச்சி இறக்குமதி செய்த ஒரு கம்பெனியில் எழுதுவினைஞராக இருந்த அவர், துளையிட்ட உலோகத் துண்டுகளைத் திருகாணியால் பூட்டி விளையாடும் மெக்கானோ என்ற சாதனத்துக்கு 1901 இல் உரிமை பெற்றார். 1920 இல் அவருடைய கம்பெனி புகையிரதங்களை விற்கத் தொடங்கிற்று. அவர் 1936 இல் மறைந்தார்; அதற்கு இரண்டு ஆண்டுகளின் பின் வெளிவந்த சிறிய அளவான 'டப்லோ' புகையிரதமே இன்றைய பிரித்தானியப் பொழுதுபோக்குக்கு அடித்தளமாயிற்று.

மாணவர்கள் கவனிக்கத்தக்க ஒரு வேடிக்கை இந்த அளவில் உண்டு. பிரித்தானிய எஞ்சின்கள் ஐரோப்பியக் கண்டத்து எஞ்சின்களைவிட உருவில் சிறியவை. ஆகவே, கண்டத்து முறைப்படி 87 இல் ஒரு பங்காகச் சுருக்கினால், அக்காலத்து மோட்டார் உள்ளே அடங்காது. என்ன செய்தார்கள்? எஞ்சினின் உடலை மட்டும் ஏறத்தாழ 76 இல் ஒரு பங்கு என்ற அளவுக்குப் பெருப்பித்து, தண்டவாளத்தைப் பழையபடி 16.5 மில்லிமீற்றர் அகலத்திலேயே விட்டுவிட்டார்கள். அந்தத் தண்டவாளத்தை 76.2 ஆல் பெருக்கிப் பாருங்கள். 1257 மில்லிமீற்றர் வரும். உண்மையான பாதையின் அகலமோ 1435 மில்லிமீற்றர். ஏழு அங்குலம் குறைகிறது! ஓர் ஆணியின் தலை சற்றுப் பெரிதாக இருந்தாலும் முகஞ்சுளிக்கும் இந்த அன்பர்கள், இந்த ஏழு அங்குலத்தை மட்டும் எட்டுத் தசாப்தங்களுக்கு மேலாகப் பொறுத்துக்கொண்டு வருகிறார்கள். பொறாத சிலர் 18.83 மில்லிமீற்றர் அகலத்தில் தாமே பாதை அமைத்துக்கொள்கிறார்கள். அவர்களுக்குக் கடையில் வாங்கக்கூடியவை சொற்பம். ஆதலால் அவர்களுடைய பணப்பை ஓரளவு பிழைத்தது என்றே சொல்ல வேண்டும்.

நண்பரின் விஷயத்துக்கு வருவோம். ஒரு சனிக்கிழமை அவர் என்னை ஒரு கண்காட்சிக்கு அழைத்துச் சென்றார். பாடசாலை மண்டபமொன்றில் இருபது பேர் தத்தம் புகையிரதப் பாதைகளை விரித்து வைத்திருந்தார்கள். அவற்றைப் பார்க்க நின்றவர்களிலும், ஓரத்தில் இருந்த விற்பனை மேசைகளைச் சூழ்ந்து நின்றவர்களே அதிகம். தண்டவாளத் துண்டுகளைப் பொருத்தும் சிறு இணைப்புத் தகடு ஒரு பொதி வாங்கப் போவதாக மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் நண்பர் புறப்பட்டிருந்தார். திரும்பும்போது கையில் ஒரு பெரிய எஞ்சின் இருந்தது. இணைப்புத் தகடு வாங்க மறந்துவிட்டார்!

திட்டமின்றி வாங்குவதைப் பற்றி 1962 ஆம் ஆண்டில் ஹோக்கின்ஸ் ஸ்டேர்ன் என்ற அமெரிக்கர் ஒரு கட்டுரை எழுதினார். இத்தகைய கொள்வனவு நான்கு வகைப்படும் என்பது அவர் கருத்து. வழக்கத்தையே உடைத்துக்கொண்டு, கண்டதும் பாய்ந்து வாங்குவது ஒன்று. வீட்டில் தீர்ந்துபோனது கடையில் ஞாபகத்துக்கு வந்து வாங்குவது இன்னொன்று. முன்பின் அறியாத பொருளைப் பார்த்து, 'இது நமக்கும் வேண்டுமே' என்று ஒரு தேவையைக் கற்பித்துக்கொள்வது மூன்றாவது. நான்காவதுதான் விசேஷமானது: ஏதாவது வாங்குவோம் என்று தீர்மானித்துக்கொண்டே போவது, இன்னதுதான் என்று மட்டும் தீர்மானிக்காமல், மலிவாக எது அகப்படுகிறதோ அதை வாங்குவது. சட்டைப் பையில் பணத்தைச் சுருட்டி வைத்துக்கொண்டு கண்காட்சி வாசலில் வரிசையில் நிற்கும் மனிதரை ஸ்டேர்ன் நேரிற் கண்டுதான் எழுதினாரோ என்று எண்ணத் தோன்றுகிறது. இணைப்புத் தகடு என்பது வீட்டில் சொல்லும் காரணம்; பணம் போன வழி வேறு.

அன்று வாங்கிய எஞ்சினுக்கு ஒரு கதை உண்டு. அது 'மல்லார்ட்' என்ற புகழ்பெற்ற எஞ்சினின் உடன்பிறப்பு. 1938 ஜூலை 3 ஆம் திகதி மணிக்கு 126 மைல் வேகத்தில் ஓடி, நீராவி எஞ்சின்களின் உலக சாதனையை நிலைநாட்டியது மல்லார்ட். அந்த வகுப்பில் 35 எஞ்சின்கள் கட்டப்பட்டன. உருவம் ஒன்று, பெயரும் இலக்கமும் வெவ்வேறு. ஆதலால், மாதிரி செய்பவர் ஒரே அச்சில் வார்த்து, பெயரையும் வர்ணத்தையும் மாற்றி மாற்றி வெளியிடலாம். நண்பரிடம் ஏற்கனவே மூன்று இருந்தன. நான்காவதைப் பரணுக்குக் கொண்டுபோய், ஆவலோடு பாதையில் வைத்தார். உள்வட்டத்தில் முதல் வளைவிலேயே அது தடம்புரண்டது. அவருடைய உள்வட்டத்தின் ஆரை 371 மில்லிமீற்றர். இன்றைய பெரிய எஞ்சின்கள் பலவற்றுக்குக் குறைந்தது 438 மில்லிமீற்றர் வேண்டும். பெட்டியின் பக்கத்திலேயே அது அச்சிடப்பட்டிருந்தது. கணக்காளராகிய அவர் அதை வாசிக்கவில்லை.

அதனினும் பெரிய முரண்பாடு ஒன்றிருந்தது. அவர் கட்ட எண்ணியிருந்தது கோர்ண்வோல் மாகாணத்தில் ஒரு சிறு கிளைப்பாதை நிலையம். காலம் 1958 ஆம் ஆண்டின் கோடை. தேர்ந்த அன்பர்கள் இப்படித்தான் ஓர் இடத்தையும் ஓர் ஆண்டையும் வரையறுத்துக்கொள்வார்கள். வரையறுத்த பின், அங்கே அக்காலத்தில் ஓடாத வண்டி எவ்வளவு அழகாயிருந்தாலும் அவர்களுக்குப் பொருளன்று. பணத்தைக் காக்க இதைவிட நல்ல பூட்டு இல்லை. ஆனால், அந்தப் பூட்டுக்கு எல்லாரிடமும் ஒரு கள்ளச்சாவி இருக்கிறது. 'முதலாம் விதி' என்று அதை வேடிக்கையாகச் சொல்கிறார்கள்: இது என் புகையிரதப் பாதை, இதில் எது ஓட வேண்டும் என்று தீர்மானிப்பவன் நானே! இந்த விதியின்படி, கிழக்குக் கரையில் ஓடிய மல்லார்ட் வகுப்பு கோர்ண்வோலின் கிளைப்பாதைக்கும் வரலாம். ஸ்கொத்லாந்து எஞ்சினும் வரலாம்.

வியாபாரிகளை மட்டும் குறை கூறுவது நியாயமன்று. ஒரு புதிய எஞ்சினுக்கு அச்சுகள் செய்வதற்கே பெருந்தொகை செலவாகிறது. உற்பத்தியோ பெரும்பாலும் சீனாவில், ஒரு தவணைக்கு இவ்வளவு என்ற கணக்கில் நடைபெறுகிறது. அந்தத் தவணை விற்றுத் தீர்ந்தால், அதே எஞ்சின் அதே இலக்கத்தோடு மீண்டும் வருமோ வராதோ. ஆகவே, "பிறகு கிடைக்காது" என்று நண்பர் சொன்னது முழுப் பொய்யன்று. அது உண்மையாக இருப்பதுதான் ஆபத்து. ஆண்டின் தொடக்கத்தில் புதிய பட்டியல் வெளிவரும்; பொருள் வருவதற்கு ஓராண்டு முன்னரே பதிவுசெய்யச் சொல்வார்கள். முன்பெல்லாம் கடைக்குப் போய்த் திரும்பும் வழியிலாவது ஆசை சற்றுத் தணிந்திருக்கும். இப்போது நள்ளிரவில் கைத்தொலைபேசியில் விரலை வைத்தால் போதும். இப்படி வாங்குகிறவர்கள் இல்லாவிட்டால் இந்தத் தொழிலே நடவாது என்பதும் மெய். வாங்குகிறவர்கள் இருந்தும் தொழில் தள்ளாடுகிறது. மார்க்ளின் கம்பெனி தன் 150 ஆம் ஆண்டில், 2009 இல், கடன் தீர்க்க முடியாத நிலையில் நீதிமன்றத்தை நாடிற்று. பின்னர் வேறு கைக்கு மாறிப் பிழைத்தது. லிவர்பூல் பக்கத்தில் 1946 முதல் நடந்துவந்த ஹற்றன்ஸ் என்ற பிரபல கடை 2024 இல் மூடப்பட்டது.

விலையும் முன்போல் இல்லை. நல்ல நீராவி எஞ்சின் ஒன்று இன்று 200 பவுணை எளிதாகத் தாண்டுகிறது. ஒலியெழுப்பும் சில்லு வேண்டுமானால் அதற்கு வேறு 100 பவுண் அளவில் எடுத்து வைக்க வேண்டும். எஞ்சின் வந்தால் அதற்கேற்ற பெட்டிகள் வேண்டும். பெட்டிகள் வந்தால் நீண்ட மேடை வேண்டும். யானையை வாங்கியவன் அங்குசத்துக்குக் கணக்குப் பார்ப்பானா? பிரெஞ்சு அறிஞர் டிடரோ 1769 அளவில் எழுதிய ஒரு சிறு கட்டுரையில் இதே துன்பத்தைக் கூறியிருக்கிறார். புதிய சிவப்பு அங்கி ஒன்று அவருக்குக் கிடைத்தது. அதன் பக்கத்தில் பழைய நாற்காலி அவலட்சணமாகத் தோன்றிற்று, நாற்காலியை மாற்றினார். பிறகு மேசை, பிறகு சுவரிலிருந்த படங்கள். கடைசியில், கிழிந்துபோன பழைய அங்கியை நினைத்து ஏங்கினார்.

ஆனால் இவையெல்லாம் எப்படி வாங்குகிறார்கள் என்பதற்கு விடையேயன்றி, ஏன் வாங்குகிறார்கள் என்பதற்கு விடையாகா. அதை நண்பரே ஒரு நாள் தம்மை அறியாமல் சொன்னார். எட்டு வயதில், 1958 கோடையில், தாய் தந்தையரோடு கோர்ண்வோலுக்கு விடுமுறையில் போனாராம். கிளைப்பாதைச் சந்தியில் சிறிய பச்சை எஞ்சினொன்று இரண்டு பெட்டிகளோடு காத்திருந்ததாம். சாரதி அவரைத் தூக்கி உள்ளே நிறுத்தி, ஊதுகுழலின் கயிற்றை இழுக்கவிட்டாராம். ஐந்து ஆண்டுகளில் பீச்சிங் என்பவரின் அறிக்கை வெளிவந்தது. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட நிலையங்களை மூடும்படி 1963 இல் அது சிபாரிசு செய்தது. அந்தக் கிளைப்பாதையும் போயிற்று. 1968 ஓகஸ்டில் பிரித்தானியாவின் பிரதான பாதைகளில் நீராவிச் சேவையே முடிந்துவிட்டது. புகையிரத மேடைகளில் சிறு புத்தகமும் பென்சிலும் வைத்துக்கொண்டு எஞ்சின் இலக்கங்களைக் குறித்து நின்ற ஒரு தலைமுறைச் சிறுவர்கள், கையில் காசு சேர்ந்த காலத்தில், தம் கண்முன்னே மறைந்துபோனவற்றைப் பெட்டி பெட்டியாக மீட்கிறார்கள்.

எல்லாரும் வாங்கித்தான் மீட்கிறார்கள் என்பதில்லை. பாடகர் றொட் ஸ்டூவர்ட்டைப் பாருங்கள். எதையும் வாங்கிவிடத்தக்க செல்வந்தர் அவர். அவரோ அமெரிக்க நகரமொன்றை வானளாவிய கட்டடங்களோடு சிறு உருவில் அமைப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் செலவிட்டார். கச்சேரிப் பயணங்களின்போது விடுதியில் இன்னோர் அறை எடுத்து, அதிலிருந்து கட்டடங்களைச் செய்தார். குழந்தைகள் அறிந்த 'தோமஸ்' எஞ்சினைப் படைத்த ஓட்ரி பாதிரியாரும் இப்பொழுதுபோக்கில் ஈடுபட்டவரே. முதலாவது தோமஸ் கடையில் வாங்கியதன்று. விளக்குமாற்றுக் கம்பின் துண்டிலிருந்து மகனுக்காக அவரே செய்து கொடுத்தது.

நண்பரின் மனைவி ஒரு நாள் சமையலறையில் என்னிடம் பேச்சுக் கொடுத்தார். மகள் நியூசிலாந்தில் இருக்கிறாள். பேரப்பிள்ளைக்கு நான்கு வயதாகிவிட்டது. மூன்று முறை பயணத்தை ஒத்திவைத்தாயிற்று. "பணம் போதாது என்கிறார். அந்தப் பெட்டிகளுக்குக் கொடுத்த உண்மையான விலையை அவர் இதுவரை எனக்குச் சொன்னதில்லை. அவர் எனக்கு முன்னே போய்விட்டால், எது 20 பவுண், எது 200 பவுண் என்று எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். இப்பொழுதுபோக்கினரிடையே நெடுங்காலமாக உலவும் பகிடி ஒன்று உண்டு: நான் செத்தபின், வாங்கிய விலையாக நான் சொன்ன விலைக்கே மனைவி இவற்றை விற்றுவிடுவாளே என்பதுதான் என் பயம் என்பார்கள். அந்த அம்மையார் முகத்தைப் பார்த்தபின் எனக்கு அந்தப் பகிடியில் சிரிப்பு வரவில்லை.

காரியத்தை முடித்துவைத்தது ஒரு பழைய பெட்டி. பதினொரு ஆண்டுகளாகத் திறக்காதிருந்த ஓர் எஞ்சினை நண்பர் எனக்குக் காட்டுவதற்காக வெளியே எடுத்தார். மேற்கூடு பளபளவென்றிருந்தது. கையில் எடுத்ததும் அடிப்பாகம் மட்டும் துண்டுதுண்டாக உதிர்ந்தது. நாகக் கலப்புலோகத்தில் ஈயம் முதலிய அசுத்தம் சிறிதளவு சேர்ந்திருந்தாலும், அது நாளடைவில் உப்பி, வெடித்து, இவ்வாறு சிதறிவிடும். ஓட்டினாலும் இந்நோய் வரும், ஓட்டாவிட்டாலும் வரும். ஓட்டியிருந்தால் முன்கூட்டியே கண்டிருக்கலாம். உத்தரவாதக் காலம் எப்பொழுதோ கடந்துவிட்டது. உதிர்ந்த துண்டுகளைக் கைக்குட்டையில் பொறுக்கி வைத்துக்கொண்டு அவர் நெடுநேரம் பேசாதிருந்தார்.

அடுத்த மூன்று இரவுகள் பரணில் விளக்கு எரிந்தது. நாலாம் நாள் காலை, ஒரு கொப்பியை மனைவியின் முன்னே மேசையில் வைத்தார். ஒவ்வொரு பெட்டியும், வாங்கிய திகதியும், கொடுத்த விலையும் அவருடைய அழகிய கையெழுத்தில் இருந்தன. கடைசிப் பக்கத்தில் கூட்டுத்தொகை: 14,310 பவுண். நான் எழுந்து போக முயன்றேன். இருக்கும்படி அவரே கையால் சைகை செய்தார். அம்மையார் பக்கம் பக்கமாக வாசித்து முடித்து, கொப்பியை மூடினார்.

"இவற்றில் நீங்கள் சிறுவயதில் ஏறிய எஞ்சின் எது?" என்று மட்டும் கேட்டார்.

அவர் ஏணியில் ஏறிப்போய் ஒரு சிறு பெட்டியைக் கொண்டுவந்தார். அதுவும் திறக்கப்படாமலே இருந்தது! மூவரும் பரணுக்குப் போனோம். தண்டவாளத்தைத் துணியால் துடைத்து, அந்தப் பச்சை எஞ்சினை வைத்தார். முதலில் திக்கிற்று, பின்பு ஓடிற்று. உள்வட்டத்தின் நெருங்கிய வளைவிலும் தடம்புரளவில்லை.

மறுவாரம் ஓர் ஏலக்காரருக்குக் கடிதம் போயிற்று. ஏறத்தாழ எண்பது பெட்டிகள் விற்கப்பட்டன. கிடைத்தது வாங்கிய விலையில் பாதிக்கும் குறைவு. ஆயினும், நியூசிலாந்துக்கு இருவர் போய்வரப் போதுமாயிருந்தது. மல்லார்ட்டின் உடன்பிறப்புகளில் ஒன்றை மட்டும் கொடுக்க மனமின்றி வைத்துக்கொண்டார்.

பயணச்சீட்டு வந்த அதே நாளில் தபாற்காரன் ஒரு சிறு பொதியையும் கொண்டுவந்தான். அம்மையார் அதை என் கண்முன்னே தூக்கிக் காட்டி, "இதையாவது திறக்கிறாரா பார்ப்போம்" என்றார். திறந்தார். உள்ளே இருந்தது எஞ்சின் அன்று. அட்டையில் வெட்டி ஒட்டிச் செய்யும் ஒரு சிறு நிலையக் கட்டடம். அன்றிரவு வீடெங்கும் பசை மணத்தது.